ரவிக்கை போட்ட ஃபியட்

கணேசமூர்த்தி அந்தச் சந்தன நிற ஃபியட்டை மயிலாப்பூரில் தன் தெருவுக்குள் ஓட்டி வந்த அன்று, அவன் அக்கா தங்கம் ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்றாள். தம்பிக்குச் சுற்றினாள், காருக்கும் சுற்றினாள். பொட்டு வைக்கக் குங்குமத்தைத் தொட்ட விரல் மட்டும் பாதி வழியில் நின்றுவிட்டது. சிவப்பு பெயின்டில் ஒட்டிக்கொண்டால்? கொஞ்சம் யோசித்து, முன்கண்ணாடியின் நடுவில் வைத்தாள். கண்ணாடியை எப்போது வேண்டுமானாலும் துடைத்துக்கொள்ளலாம்.

அது வேறொருவர் ஓட்டிய கார்தான். ஆனாலும் ஸ்ரீவைகுண்டத்திலிருந்து வந்து தியாகராய நகர் ஜவுளிக் கடைகளில் துணி கிழித்துக் கொடுத்த குடும்பத்தில் ஒருவன் கார் வாங்கியிருக்கிறான். தங்கம் ஐந்தாவதோடு நின்றவள். தம்பியோ பி.காம்., இன்ஷூரன்ஸ் ஆபீசில் மேஜை நாற்காலி. கீரைக்காரியிடம் கீரை விலை கேட்கும்போதுகூட அந்த பி.காம். எப்படியாவது பேச்சில் நுழைந்துவிடும்.

கார் வந்த பிறகுதான் தங்கத்துக்கு ஆகாயத்தின் மேல் சந்தேகம் வந்தது. அவர்கள் இருந்த வீட்டின் நடையில் சைக்கிளே பக்கவாட்டில்தான் போகும். கார் தெருவில்தான் நிற்க வேண்டும். தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்தினால் நிழல் உண்டு. ஆனால் மேலிருந்து பிசின் சொட்டியது, காக்கை வேறு குறி பார்த்து அடித்தது. எச்சம் காய்ந்தால் பெயின்டைத் தின்றுவிடும் என்று அவள் ஒரே வாரத்தில் கண்டுபிடித்தாள். ஈரத் துணியை அதன்மேல் போட்டு ஊறவிட்டு, தேய்க்காமல் எடுத்தாள். எதிர்வரிசையில் நிறுத்தினால் வெயில். டாஷ்போர்டு அப்பளம் மாதிரி சூடேறியது, ரெக்சின் சீட்டில் உட்கார்ந்தவர் உடனே எழுந்தார். சாந்தோம் பக்கமிருந்து வரும் உப்புக் காற்றோ எந்த வரிசையில் நிறுத்தினாலும் வந்தது.

டாஷ்போர்டுக்குப் பழைய வேட்டி போர்த்தினாள். சீட்டுக்கடியில் எலிக்கும் கரப்பானுக்கும் அந்துருண்டை வைத்தாள். உள்ளே வெக்கை தங்காதிருக்க ஜன்னல் கண்ணாடிகளை விரல் நுழையும் அளவுக்கு இறக்கிவிட்டாள். ஆபீசுக்குக் கிளம்பும் கணேசமூர்த்தி அந்துருண்டை மணத்தோடு போய், அந்துருண்டை மணத்தோடு திரும்பினான்.

"அக்கா, ஆபீசுல என்னையப் பீரோன்னு கூப்பிடுதானுவ."

"கூப்பிடட்டும். பீரோன்னா உள்ள நல்ல துணி இருக்குன்னு அர்த்தம்."

இவ்வளவும் போதாது, முழு உறை வேண்டும் என்று முடிவானது. தங்கம் வீட்டில் ரவிக்கை தைப்பவள். அவள் கணவன் வெள்ளைச்சாமி, ஜவுளிக் கடையில் வேலை பார்ப்பவன், காடாத் துணி கொண்டுவந்தான். கோணிமாதிரி சொரசொரப்பான துணி பெயின்டைக் கீறும் என்பதால் உள்பக்கம் மெத்தென்று பழைய வேட்டிகளை வைத்துத் தைக்க முடிவுசெய்தாள். துணி சுருங்குமே என்று முதலிலேயே தண்ணீரில் ஊறப்போட்டு உலர்த்தினாள். பிறகு இன்ச் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கி, காருக்கு அளவெடுத்தாள்.

அவளுக்குத் தெரிந்த தையல் இரண்டுதான். அதனால் முன்பக்கம் ரவிக்கையாகவும் பின்பக்கம் பாவாடையாகவும் உறை உருவானது. முன்னால் பானட்டின் நடுவில் கொக்கிகள். பின்னால் பம்பருக்கு அடியில் இழுத்துக் கட்ட நாடா. பக்கக் கண்ணாடி துருத்திக்கொண்டிருந்ததால் அதற்குக் கை வைத்தாள். வைத்ததுதான் வைத்தோம் என்று பஃப் கையாகவே வைத்துவிட்டாள்.

தெருமுனையில் சைக்கிள் ரிக்ஷாவோடு நிற்கும் காதர் அதைப் பார்த்துவிட்டு ஹேண்டில்பாரில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தான்.

"இன்னாக்கா, காருக்கு ஜாக்கெட் போட்டுக்கீறே! கொலுசு எப்போ?"

"ஒன் ரிக்சாவுக்கு ஒரு தாவணி தச்சுத் தாரேன், கெட்டிக்கிட்டுப் போ."

"வோணாம் தாயி. அப்பால எவனாவது பொண்ணு கேட்டு வந்துருவான்."

கேட்டு வந்தது கணேசமூர்த்திக்குத்தான். அடையாறு காந்தி நகரில் பாத்திரக்கடை சண்முகவேலின் மகள் ஜெயபாரதி. தங்கத்துக்கு ஜாதகத்துக்கு முன்பே புகைப்படம் பிடித்துவிட்டது. ஆனால் தரகர் ஒரு வார்த்தை சொல்லிவைத்தார்: "சண்முகவேல் அண்ணாச்சி, ஒருத்தன் பொருளை வச்சிருக்கிற அழகைப் பாத்துத்தான் ஆளை எடை போடுவாரு. போன மாப்பிள்ளைய, செருப்புத் தேஞ்சிருந்த கோணலப் பாத்தே வேண்டாம்னுட்டாரு."

தங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எங்க தம்பி காரை வந்து பாக்கச் சொல்லுங்க. கடையிலேருந்து இப்பத்தான் எறங்குன மாதிரி இருக்கும்."

சொல்லிவிட்டாள். இனி இருந்தாக வேண்டும். சனிக்கிழமை காரைக் கழுவி, ஒரு சொட்டு ஈரமில்லாமல் துடைத்து, உறையை மாட்டி, நாடாவை இரட்டை முடிச்சாகப் போட்டாள். அன்றிரவு நல்ல மழை. ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில்.

ஞாயிறு பிற்பகல், நாலரை மணி ராகு காலத்துக்கு முன் வீட்டை விட்டு இறங்கிவிட வேண்டும் என்று பட்டுப் புடவையோடு வந்து நாடாவில் கைவைத்தவள், அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முடிச்சு கல்லாகியிருந்தது. துணியை ஊறப்போட்டவள் நாடாவை ஊறப்போடவில்லை. புது நாடா மழையில் நனைந்து, வெயிலில் சுருங்கி, பம்பரை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தது. தையல் பழகும் சிறுமிகள் செய்கிற தப்பு. அவள் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டாள்.

வெள்ளைச்சாமி குனிந்து பார்த்தான். "என்னளா இது? கத்திரியக் கொண்டா. ஒரு வெட்டு, முடிஞ்சுது."

"வாயக் கழுவுங்க! பொண்ணு பாக்கக் கெளம்பும்போது கத்திரியா? மூணு முடிச்சு போடப் போற புள்ள, இருக்கிற முடிச்ச வெட்டிப்போட்டா கெளம்புவான்?"

கணேசமூர்த்தி நகத்தால் முயன்றான். வெள்ளைச்சாமி ஊக்கால் முயன்றான், ஊக்கு வளைந்தது. காதர் சம்மணமிட்டு உட்கார்ந்து முடிச்சைப் பல்லுக்குக் கொண்டுபோனான், பிறகு மனம் மாறினான்.

"ஒரு பல்லு ஏற்கெனவே ஆடிகினு கீதுக்கா. ரிஸ்க்கு எடுக்கமாட்டேன்."

"நேரமாவுதே, சவம் அவுர மாட்டேங்குதே!" தங்கம் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"இன்னாத்துக்கு அழுவுறே? முன்னாடி கொக்கிய கழட்டு. அப்படியே சுருட்டி டிக்கி மேல போடு. சட்டைய அவுத்து இடுப்புல கட்டிகினு போறானுங்கல்ல, அந்த மாரி போய்க்கினே இரு."

வேறு வழியில்லை. கொக்கிகளைக் கழற்றி, கூரைமேல் வழித்து, உறையை டிக்கியின்மேல் மூட்டையாக வைத்தார்கள். பின்சீட்டில் ஒரு ஜன்னலோரம் வெள்ளைச்சாமி, மறு ஜன்னலோரம் தங்கம். இருவரும் ஆளுக்கொரு கையை வெளியே நீட்டி உறையின் நுனியைப் பிடித்துக்கொண்டார்கள். தங்கத்தின் மடியில் பழத்தட்டு: வாழைப்பழம், பூ, நாட்டுச் சர்க்கரை. நாலரைக்கு முன் சக்கரம் உருண்டுவிட்டது.

பட்டினப்பாக்கம் தாண்டும்வரை எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. அடையாற்றுப் புதுப் பாலத்தில் ஏறியதும் கடல் காற்று வந்து மோதியது. முதலில் பஃப் கைக்குள் காற்று புகுந்தது. அது உப்பி எழுந்து, யாரையோ கூப்பிடுவது போல ஆடியது. அதைப் பார்த்துத் திடுக்கிட்ட தங்கம் சற்றே அசைய, மடியிலிருந்த தட்டு சரிந்தது. கனிந்த வாழைப்பழம் ரெக்சின் சீட்டை நோக்கி உருண்டது.

உறையா, சீட்டா? அவள் கை தானாகவே சீட்டுக்குப் போய்விட்டது. பழத்தைப் பிடித்தாள், உறை பறந்தது. தனியாக அகப்பட்ட வெள்ளைச்சாமி, "ஐயோ, என்னையும் கொண்டு போவுது!" என்று கத்தி, தன் பக்கத்து நுனியையும் விட்டுவிட்டான்.

காடாத் துணி முழுவதும் காற்று நிறைந்து, ஃபியட்டின் பின்னால் ஒரு பாய்மரம் எழுந்தது. முடிச்சு மட்டும் அசையவில்லை. தங்கத்தின் தையல் ஓரிடத்திலும் பிரியவில்லை. சைக்கிள்காரர்கள் காலை ஊன்றி நின்று பார்த்தார்கள். பஸ்ஸின் ஒரு பக்கத்து ஜன்னல்கள் முழுக்கத் தலைகள். கணேசமூர்த்தி பின்னால் பார்க்கும் கண்ணாடியில் வெறும் வேட்டிகளைக் கண்டு, "அக்கா, பின்னால என்ன நடக்குது? அத்தான், யாராவது சொல்லுங்களேன்!" என்று அலறினான்.

பாலத்தின் முடிவில் ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இன்னாயா இது, காரா கப்பலா? நம்பர் பிளேட்டு எங்க?"

"அது பாவாடைக்குள்ள இருக்கு சார்," என்றான் வெள்ளைச்சாமி.

"இன்னா?"

"பொண்ணு பாக்கப் போறோங்க. முடிச்சு அவுரல. என் தம்பி பி.காம்.," என்றாள் தங்கம் ஒரே மூச்சில்.

போலீஸ்காரர் காரை ஒருமுறை சுற்றி வந்தார். பஃப் கையை விரலால் தொட்டுப் பார்த்தார். முகத்தை விறைப்பாக வைத்துக்கொள்ளப் பாடுபட்டது மீசையில் தெரிந்தது. "போங்க, போங்க. மெதுவா போங்க. நங்கூரம் போட எடம் பாத்துப் போடுங்க."

காந்தி நகரில் சண்முகவேலின் வீட்டு வாசலில் அவரே நின்றிருந்தார். கார் நின்றதும் காற்றிழந்த உறை மெல்ல இறங்கி, டிக்கியின்மேல் படுத்தது. பஃப் கை கடைசியாக ஒருமுறை உப்பிவிட்டுச் சாய்ந்தது. அப்போது மாடியிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்து, முடியாமல், மூக்கு வழியாக வெடித்த சிரிப்பு. பெண்ணின் சிரிப்பு.

தங்கம் பழத்தட்டைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டாள். செருப்பைப் பார்த்தே வேண்டாமென்றவர், இதைப் பார்த்து என்ன சொல்வார்? சண்முகவேல் காரை முன்னிருந்து பின்வரை பார்த்தார். "வாங்க," என்றார் பிறகு.

உள்ளே கேசரி வந்தது, பஜ்ஜி வந்தது. தங்கத்துக்கு ஒன்றும் இறங்கவில்லை. தலையை நிமிர்த்த வெட்கப்பட்டுக் கண்ணை மட்டும் சுழலவிட்டாள். சுழன்ற கண் ரேடியோவில் நின்றது. ரேடியோவுக்கு ஓரத்தில் சுருக்கம் வைத்த உறை. மேஜை விசிறிக்கு உறை. சோபாவின் தலைமாட்டில் குரோஷா ஊசியால் பின்னிய வெள்ளை விரிப்பு. தண்ணீர்ச் செம்பின் மேல், நான்கு பக்கமும் மணி தொங்கும் வலைமூடி. காலண்டரைத் தவிர அந்த வீட்டில் எதுவும் அம்மணமாக இல்லை.

"இதெல்லாம்..." என்று இழுத்தாள் தங்கம்.

"எல்லாம் பாரதிதான்," என்றார் சண்முகவேல். "நான் கொஞ்ச நேரம் அசையாம உக்காந்தா எனக்கும் ஒண்ணு பின்னிப் போட்ருவா."

ஜெயபாரதி காபித் தட்டோடு வந்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டுதான் வந்தாள். கணேசமூர்த்தி டம்ளரை எடுக்கும் நேரத்தில் அவன் சட்டையிலிருந்து அந்துருண்டை வாசனை எழும்ப, அவள் கட்டுப்பாடு உடைந்துவிட்டது. தட்டு குலுங்கியது, காபி அவன் வெள்ளைக் கால்சட்டையில் கொட்டியது. அவனும் சிரித்துவிட்டான். வெள்ளைச்சாமி பஜ்ஜியோடு புரையேறி இருமினான்.

"மதினி, அந்தப் பஃப் கை நீங்க வச்சதா?" என்றாள் ஜெயபாரதி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

மதினி! நாத்தனார் முறை வைத்தல்லவா கூப்பிடுகிறாள்! தங்கம் நிமிர்ந்தாள். "ஆமா. கண்ணாடி துருத்திக்கிட்டு இருந்துச்சு."

"கொசுவம் எவ்ளோ சீரா விழுந்திருக்கு! நாடாவ மட்டும் ஊறப்போட மறந்துட்டீங்களோ?"

இத்தனை பேரில் இவள் ஒருத்திக்குத்தான் அது தெரிந்திருக்கிறது. தங்கத்துக்கு அவமானமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

"நான் அவுத்துப் பாக்கட்டுமா?"

மொத்தக் கூட்டமும் தெருவுக்கு வந்தது. பட்டுப் புடவையைச் சொருகிக்கொண்டு ஜெயபாரதி பம்பருக்குப் பின்னால் குந்தினாள். தங்கம் பக்கத்தில் குந்தினாள். குரோஷா ஊசியின் வளைந்த நுனி முடிச்சுக்குள் போய், அங்கே ஒரு இழை, இங்கே ஒரு இழையாகப் பிடித்து இழுத்தது. இருவரும் பேசிய பேச்சு முழுக்க, எந்தக் கடை நாடா எவ்வளவு சுருங்கும் என்பதைப் பற்றியது. முடிச்சு தளர்ந்து, அவிழ்ந்து, உறை சரிந்து விழுந்தது. உள்ளேயிருந்து சந்தன நிறம் மின்னியது. ஒரு கீறல் இல்லை, ஒரு புள்ளி இல்லை.

சண்முகவேல் குனிந்து டிக்கியில் தன் முகத்தைப் பார்த்தார். மீசையைச் சரிசெய்துகொண்டார். "தை மாசம் வச்சுக்கிடலாமா?" என்றார்.

வெள்ளைச்சாமி கணேசமூர்த்தியின் காதருகே போனான். "மாப்ள, இவ்வளவு நாளும் ஒருத்தி. இனி ரெண்டு பேரு. ஒனக்கும் அளவெடுக்காம விடமாட்டாளுவ."

அவன் சொன்னது ஏறக்குறைய பலித்தது. கல்யாணத்துக்குப் பிறகு பஃப் கைக்கு லேஸ் வந்தது, கியர் கம்பிக்குக் குல்லாய் வந்தது. காலையில் இத்தனையையும் கழற்றி மடித்து வைத்துவிட்டு ஆபீஸ் போய்ச் சேரமுடியாது என்று கணேசமூர்த்தி பஸ்ஸில் போக ஆரம்பித்தான். கார் கடையிலிருந்து இறங்கியது போலவே இருந்தது.

ஞாயிறுகளில் மட்டும் அது வெளியே வரும். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊறப்போட்டு உலர்த்திய புது நாடாவை அவிழ்க்க தங்கம் காருக்குப் பின்னால் குனிந்தாள். முன்கொக்கிகளைக் கழற்றிக்கொண்டிருந்த ஜெயபாரதி நிமிர்ந்து பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். தங்கம் ஒரு நிமிடம் நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு இன்னும் ஒரு முடிச்சுப் போட்டு இறுக்கி, உறையை டிக்கிமேல் சுருட்டிப் போட்டுவிட்டு, ஓடிப்போய்ப் பின்சீட்டில் ஏறினாள்.

"தம்பி, பாலத்து வழியாப் போ!"