மில் கேட்டும் என் சோர்ஸ் கோடும்

வேலையை விட்டுவிட்டேன் என்று நான் சொன்னபோது அம்மா உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தாள். "கிறுக்குப் புடிச்சிருச்சாடி உனக்கு? மாசாமாசம் சம்பளம் வந்த எடத்த விட்டுட்டு, ஓசியில குடுக்குறதக் கட்டிக்கிட்டு அழப் போறியா?" என்றாள். விண்டோஸுக்குப் பதிலாகக் காசில்லாமல் கிடைத்த லினக்ஸைத்தான் அப்படிச் சொன்னாள். அப்போது திண்டுக்கல்லில் லினக்ஸ் என்றால் ஓசி, ஓசி என்றால் மட்டம். விளக்கிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

நான் விட்டுவந்தது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் இருந்த சாப்ட்வேர் கம்பெனி. சுற்றுவட்டார நூல் மில்களுக்கு வருகைப் பதிவு, சம்பளக் கணக்கு நிரல்கள் எழுதி விற்றோம். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. நிரலின் மூல வரிகளை, சோர்ஸ் கோடு என்போம், பக்கத்து நாற்காலிக்காரருக்குக்கூடக் காட்டக் கூடாது. யாராவது எழுந்து வந்தால் திரையை அணைத்துவிட வேண்டும். மில்லுக்குப் போவது ஓடுகிற கோப்பு மட்டும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யாராலும் படிக்க முடியாது. நான் வருஷக்கணக்காக ரிப்போர்ட் பகுதியை எழுதினேன். அந்த ரிப்போர்ட்டுக்குள் எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று ஒரு நாளும் கண்ணால் பார்த்ததில்லை. கேட்டதற்கு முதலாளி, "உன் வேலையப் பாரும்மா, அம்புட்டுத்தான்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு பத்திரிகையோடு வந்த லினக்ஸ் சிடியைப் போட்டுப் பார்த்து, இதில் எதை வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம் என்று தெரிந்த அன்றைக்கே என் மனசு அந்த மாடியை விட்டு இறங்கிவிட்டது.

வேடசந்தூர் ரோட்டில் ஒரு மில் மானேஜர், கேட்டில் வருகைப் பதிவு செய்ய நான் லினக்ஸில் எழுதும் நிரலைப் போட்டுப் பார்க்கச் சம்மதித்தார். அம்மா கெடு வைத்தாள். "இது அமைஞ்சா உன் பாடு. அமையலேன்னா மறுநாளே பழைய ஆபீசுக்குப் போயிரணும், ஆமா." ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டால் சேர்த்துக்கொள்வதாக முதலாளியும் சொல்லி அனுப்பியிருந்தார். அந்த மன்னிப்பை மட்டும் கேட்கவே கூடாது என்று இருந்தேன்.

வெள்ளிக்கிழமை மில்லில் ஒத்திகை. தொழிலாளிகள் வரிசையாக வந்து அட்டையைத் தேய்க்க வேண்டும், நிரல் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொருவராக வந்தபோது எல்லாம் சரியாக இருந்தது. நாலைந்து பெண்கள் சேர்ந்தாற்போல் அடுத்தடுத்துத் தேய்த்ததும் நிரல் அப்படியே நின்றுவிட்டது. திரும்பத் திரும்ப அதே கதை. பதிவு விழாவிட்டால் அந்தப் பெண்ணுக்கு அன்றைய கூலி இல்லை. மானேஜர் பழநிப் பக்கத்துக்காரர், அதட்டிப் பேச மாட்டார். "ஏம்மா, திங்கக்கெழம காலம்பர ஷிப்டுக்கு இது ஓடோணும். இல்லீன்னா வேற ஆளப் பாத்துக்கறமுங்க" என்றார்.

எனக்கு லினக்ஸில் அப்போதுதான் அ, ஆ. கேட்க ஊரில் ஒருவரும் இல்லை. சனிக்கிழமை பிரவுசிங் சென்டருக்குப் போய், லினக்ஸ்காரர்களின் மின்னஞ்சல் குழு ஒன்றுக்கு எழுதினேன். மதிப்பிற்குரிய ஐயா என்று தொடங்கி, பணிவெல்லாம் காட்டி, என் நிரலையும் இணைத்தேன். என்ன இணைத்தேன்? ஓடுகிற கோப்பை மட்டும். பழக்கம் அப்படி.

ஒரு மணி நேரத்துக்குள் பதில்கள் வந்தன. இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றார் ஒருவர். சமைத்த குழம்பை அனுப்பிவிட்டு எதில் உப்புக் கூடியது என்கிறீர்களே, என்ன போட்டீர்கள் என்று சொல்ல வேண்டாமா என்று இன்னொருவர் கிண்டல் அடித்தார். எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: சோர்ஸைப் போடு.

அடப் பாவிகளா என்றிருந்தது. ராப்பகலாக நான் எழுதியதை உலகத்துக்கே தூக்கிக் கொடுக்க வேண்டுமாம்! எவனாவது எடுத்து விற்றுக்கொண்டு போனால்? அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. என் வரிகளைப் பார்த்து, இவளுக்கு ஒன்றும் தெரியாது என்று அத்தனை பேரும் சிரிப்பார்களே. பதில் எழுதாமல் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். சோறு இறங்கவில்லை. "என்னடி, மூஞ்சி செத்துக் கெடக்கு?" என்றாள் அம்மா. எரிந்து விழுந்தேன்.

ஞாயிறு காலை வேறு வழியில்லை. மில் பெயர் வந்த இடங்களையும் என் பெயரையும் அழித்துவிட்டு, மொத்த சோர்ஸையும் அனுப்பினேன். கண்ணை மூடிக்கொண்டுதான் பொத்தானை அழுத்தினேன், பொய் சொல்லவில்லை. அடுத்த நிமிஷம் கரண்ட் போனது. சென்டர்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, "அக்கா, செத்த நேரம் கழிச்சு வாங்க" என்றார். நான் நகரவில்லை. அந்த வெயிலில் வாசலிலேயே நின்றேன்.

மதியத்துக்கு மேல் கரண்ட் வந்தது. முகம் தெரியாத யாரோ என் நிரலை வரிவரியாகப் படித்திருந்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. "அட்டையைப் படிப்பது, அதை டிஸ்க்கில் எழுதி வைப்பது இரண்டையும் ஒரே ஆள் செய்வது போல் எழுதியிருக்கிறாய். அந்த ஆள் எழுதி முடிப்பதற்குள் அடுத்த அட்டை வந்துவிடுகிறது. வேலையை இரண்டாகப் பிரி" என்று சொல்லி, எப்படிப் பிரிப்பது என்றும் எழுதிக் காட்டியிருந்தார். அங்கேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. ராத்திரியோடு ராத்திரியாக அதன்படியே மாற்றி எழுதினேன்.

திங்கட்கிழமை மில் வேன்களிலிருந்து பெண்கள் திமுதிமுவென்று இறங்கினார்கள். வரிசை நெருக்கிக்கொண்டு வந்தது. நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அட்டைகளைச் சடசடவென்று தேய்த்தார்கள், ஒன்றுகூடத் தவறவில்லை. "அட! வெள்ளிக்கெழம மக்கர் பண்ணுச்சு, எப்படிம்மா சரி பண்ணுனீங்க?" என்றார் மானேஜர்.

வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். சந்தோஷத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் முகம் மாறியது. "நம்ம கேட்டு புரோகிராம ஊரே பாக்கற மாதிரியா போட்டீங்க? எவனாச்சும் பாத்துட்டு உள்ள பூந்துட்டான்னா? சாயங்காலத்துக்குள்ள அத அழிச்சுப்போடுங்க. இல்லீன்னா பொட்டியத் தூக்கிக்கங்க."

அழிக்க முடியாது, அது எத்தனையோ பேருக்குப் போய்ச் சேர்ந்து, நெட்டிலும் ஏறிவிட்டது என்றேன். கொள்கைக்காகச் சொன்னேன் என்று நினைக்க வேண்டாம். முடிந்திருந்தால் அந்த நிமிஷமே அழித்திருப்பேன். கெஞ்சிப் பார்த்தேன், அவர் மசியவில்லை. ஓடிக்கொண்டிருந்த நிரலை நிறுத்தி, நான் கொண்டுவந்து வைத்திருந்த என் கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வீடு வந்தேன்.

மறுநாள் பழைய ஆபீசுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். முதலாளி செல்போனில் பேசிக்கொண்டே தலையை ஆட்டினார். எந்த மில், என்ன நடந்தது என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பழைய நாற்காலியில் உட்கார்ந்து பழைய ரிப்போர்ட்டையே எழுதினேன். வாழ்க்கையில் அவ்வளவு வெறுத்துப்போய் வேறெப்போதும் உட்கார்ந்ததில்லை.

சில வாரம் போயிருக்கும். முதலாளி என்னை உள்ளே கூப்பிட்டு, திரையை என் பக்கம் திருப்பினார். "வேடசந்தூர் ரோட்டு மில்லுல கேட்டுக்குப் புரோகிராம் கேக்குறாங்க. நெட்டுல எவனோ சும்மா போட்டு வச்சிருக்கான், நல்லாத்தான் இருக்கு. நம்ம பேரப் போட்டு, சோர்ஸ் வெளிய தெரியாத மாதிரி பண்ணிக் குடு."

பார்த்தேன். என் வரிகள்.

"சார், இது நான் எழுதினது."

அவர் முகத்தில் ஈயாடவில்லை என்று சொல்ல ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. "அப்படியா? அப்ப நல்லதாப் போச்சு. சீக்கிரம் முடிச்சிரலாம்ல?" என்றார்.

பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். வீட்டில் அம்மாவிடம் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். திட்டப் போகிறாள் என்று காத்திருந்தேன். அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"நீ எல்லாருக்கும் சும்மா குடுத்தத, அவன் பூட்டி வச்சு விப்பானாமா? அதுக்கு உன்னையவே கூலிக்குக் கூப்புடுறானா? அவன் கெடக்கான், போக்கத்தவன். நீ போகாத."