பூட்டிய பம்பின் ஈரம்

எங்கள் வீட்டில் கர்மா என்ற சொல்லை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அதைப் பிற்பாடு புத்தகத்தில்தான் படித்தேன். எங்களிடம் இருந்ததெல்லாம் ‘சும்மா விடாது’ என்ற இரண்டு வார்த்தைகள்தான். எது சும்மா விடாது என்று அம்மாவிடம் ஒருமுறை கேட்டேன். “அதான்டா, அது” என்றாள். அதற்குமேல் விளக்கம் கிடையாது. அந்த ‘அது’வுக்கு உருவம் இல்லை, கோவில் இல்லை, உண்டியல் இல்லை. ஆனாலும் எங்கள் வரிசை வீட்டின் ஆறு குடித்தனங்களையும் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த வீடு தி. நகரில், கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. முன்கட்டில் வீட்டுக்காரர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்; கடைத்தெருவில் பாத்திரக் கடை வைத்திருந்தார். பெரியவர், சிறியவர் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. பின்னால் வரிசையாக நாங்கள் ஆறு வீட்டார். என் அப்பா கோடம்பாக்கத்தில் சினிமாவுக்கு செட் போடும் தச்சர். காலையில் அரண்மனை கட்டி, படப்பிடிப்பு முடிந்ததும் பிரித்து அடுக்குகிற வேலை. கைலாயத்தையே இரண்டு தடவை கட்டியிருக்கிறார். அதனாலோ என்னவோ, மேலுலகத்தின் மீது அவருக்குப் பெரிய மரியாதை இருக்கவில்லை.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்த கோடை அது. தெருக்குழாயில் தண்ணீர் நூல்போல வந்தது. சில நாள் அதுவும் இல்லை. எங்கள் முற்றத்தில் ஓர் அடிபம்பு இருந்ததால் நாங்கள் பிழைத்தோம். ஆனால் ஆறு வீடும் அடித்துக்கொண்டே இருந்தால் ஊற்று வற்றிவிடும் என்று அண்ணாச்சிக்குப் பயம். ஒரு நாள் பம்பின் கைப்பிடியைச் சங்கிலியால் சுற்றிப் பூட்டுப் போட்டார். காலை ஆறிலிருந்து ஏழு மணி வரை திறந்திருக்கும், வீட்டுக்கு நான்கு குடம் என்று அறிவித்தார். அதை அட்டையில் எழுதி மாட்டியது நான்தான். ஆறு வீட்டிலும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை நான் ஒருவனே. என் எழுத்து முத்துமுத்தாக இருக்கிறது என்று அண்ணாச்சி வேறு சொல்லிவிட்டார். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆகவே அவளை அட்டையின் முன்னால் நிறுத்தி நானே வாசித்தும் காட்டினேன், கொஞ்சம் பெருமையோடு.

அப்போது என் தங்கை பிறந்து இருபது நாள்தான் ஆகியிருந்தது. குழந்தைத் துணி அலசவே நான்கு குடமும் போதாது. அம்மா முன்கட்டு வாசலில் போய் நின்று, பச்சை உடம்புக்காரி, இன்னும் இரண்டு குடம் மட்டும் விடக்கூடாதா என்று கேட்டாள். நானும் பக்கத்தில் நின்றேன். அண்ணாச்சி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

“ஒனக்கு விட்டா மத்தவங்களும் கேப்பாங்கல்லா தாயி. சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்” என்று அந்த அட்டையைக் காட்டினார்.

அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு இரண்டு தெரு தள்ளியிருந்த குழாய்க்குப் போனாள். வெயிலில் இடுப்பைப் பிடித்தபடி திரும்பி வந்தவள், குடத்தை இறக்கிவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டாள். “வயிறு எரிஞ்சு சொல்றேன், இது சும்மா உடாது” என்றாள். உரக்கக்கூடச் சொல்லவில்லை.

‘அது’ வந்து சேர எத்தனை நாள் ஆகுமோ, எனக்குப் பொறுமை இல்லை. மறுநாள் மத்தியானம் பம்பை ஆராய்ந்தேன். சங்கிலி இறுக்கமாக இல்லை. கைப்பிடியை நான்கு விரல் அளவு தூக்கி இறக்க முடிந்தது. இருபது முப்பது தடவை அப்படித் தூக்கி இறக்கினால் ஒரு கை தண்ணீர் வரும். அதிலும் பாதி செம்புக்கு வெளியே, பாசி பிடித்த சிமெண்டுத் தரையில் போகும். பெரியவர்களுக்கு அந்தப் பொறுமை இருக்காது. எனக்குக் கோடை விடுமுறை. அண்ணாச்சி கடையிலிருந்து சாப்பிட வந்து சற்றுக் கண்ணயரும் நேரமாகப் பார்த்து, இரண்டு செம்பு தேற்றி எங்கள் குடத்தில் ஊற்றிவைத்தேன். தண்ணீர் கொஞ்சம் நீடித்து வருகிறதே என்று அம்மா சந்தோஷப்பட்டாள்.

மூன்றாம் நாள் அண்ணாச்சிக்குத் தூக்கம் வரவில்லை போலிருக்கிறது. முன்கட்டிலிருந்து “எவம்லே அது?” என்று குரல் கேட்டது. செம்போடு குளிக்கும் இடத்துத் தட்டிக்குப் பின்னால் ஓடினேன். வேகமாக வந்த அண்ணாச்சி ஈரத்தில் கால் வைத்தார். கண்ணெதிரே அவ்வளவு பெரிய மனிதர் விழுவதை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. விழுந்தவர் கத்தவில்லை. சுவர்ப் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு முனகினார். நான் பூனைபோல எங்கள் வீட்டுக்குள் போய்விட்டேன். யாரோ பார்த்துக் கூப்பாடு போட, எல்லோரும் ஓடிவந்து அவரைத் தூக்கி ரிக்‌ஷாவில் ஏற்றினார்கள். கணுக்காலுக்கு மேலே எலும்பு முறிந்திருந்தது.

அன்று சாயங்காலம் முற்றத்தில் தீர்ப்பு வாசிக்கப்பட்டது. பக்கத்து வீட்டு அக்கா கையை மேலே காட்டி, “மேல ஒருத்தன் கீறான்னு இப்பவாச்சும் தெரிஞ்சுதா?” என்றாள். பெற்றவள் வயிறு எரிந்த நான்காம் நாளே பலித்துவிட்டது என்று எல்லோரும் அம்மாவை ஒருவித பயபக்தியோடு பார்த்தார்கள். அம்மாவுக்கே கொஞ்சம் பயமாக இருந்தது என்று நினைக்கிறேன். குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

அப்பா மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. தரை ஈரமாக இருந்தது, வழுக்கியது, விழுந்தார், இதில் மேலே இருக்கிறவனுக்கு என்ன வேலை என்றார். அதோடு விட்டிருக்கலாம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பம்பின் அருகே குந்திவிட்டார். “மத்தியானத்துல பூட்டிக் கெடக்குற பம்பு. கொளுத்துற வெயிலு. அப்ப இந்த ஈரம் எங்கேந்து வந்துச்சு?” என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு, சங்கிலியின் தளர்ச்சியை விரலால் அளந்து பார்த்தார். உலகத்திலேயே அன்று உண்மையைத் தேடிக்கொண்டிருந்த ஒரே மனிதர் என் அப்பா. அவர் அதைக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று, அவர் நம்பாத சாமிகளை எல்லாம் நான் வேண்டிக்கொண்டேன். “குடிக்கத் தண்ணி இல்ல, தரையில கீற தண்ணிய ஆராய்ச்சி பண்ணிக்கினு கீறியே, உள்ள வா” என்று அம்மா கூப்பிட்டதால் அன்று தப்பித்தேன்.

இரண்டு நாள் கழித்து மாவுக்கட்டோடு அண்ணாச்சி திரும்பி வந்தார். மறுநாள் காலை நாற்காலியை முற்றத்தில் போடச் சொல்லி எல்லோரையும் கூப்பிட்டார். பூட்டும் சாவியும் அவர் மடியில் இருந்தன.

“பச்ச ஒடம்புக்காரி வாசல்ல வந்து கேட்டும் இல்லைன்னுட்டேன். ஆண்டவன் காலை ஒடிச்சுப் போட்டுட்டான். இனிமே பூட்டு கெடையாது. பாத்துப் பொழங்குங்க, எல்லாருக்கும் வரணும்லா” என்று சாவியை அம்மாவிடம் நீட்டினார்.

பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவருடைய மனைவி மகளின் பிரசவத்துக்காக ஊருக்குப் போயிருந்தார். சும்மா விடாது என்று சொன்ன அதே பெண்கள்தான் அன்றிலிருந்து முறைபோட்டு அவருக்குச் சமைத்து அனுப்பினார்கள். பூட்டு இல்லாதபோதும் யாரும் கண்டபடி தண்ணீர் அடிக்கவில்லை. எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது, என்னைத் தவிர.

ஏனென்றால் அந்த வாரமே பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டு நாளாகப் பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாள். ஈரத்துணி போட்டும், வேப்பிலை செருகியும் உடம்பு அனலாகக் கொதித்தது. எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. அண்ணாச்சி தண்ணீர் தரவில்லை, அவருக்குக் கால் ஒடிந்தது. நான் தண்ணீர் திருடினேன், ஒரு மனிதரை விழவைத்தேன். ‘அது’ என்னைத் தேடி எங்கள் வீட்டுக்கு வந்து, ஓடத் தெரியாத பாப்பாவைப் பிடித்துக்கொண்டது.

அன்று எங்கள் வீட்டு முறை. மோர் சாதம் நிறைந்த தூக்குச் சட்டியை அண்ணாச்சியின் முன் வைத்துவிட்டுப் போகாமல் நின்றேன். “தண்ணிய நான்தான் திருடினேன் அண்ணாச்சி. அதாலதான் பாப்பாவுக்கு ஜுரம். எனக்கு வர வேண்டியது அதுக்கு வந்துடுச்சு. நீங்க என்னை நல்லா அடிச்சுடுங்க. நின்னுடும்” என்று சொல்வதற்குள் அழுதுவிட்டேன்.

அவர் சாதத்தைத் தட்டில் போட்டுக்கொண்டார்.

“தெரியும்லே. தட்டிக்குக் கீழ ரெண்டு காலும் செம்பும் தெரிஞ்சுதே. நீ ஓடட்டும்னுதான் செவுத்தப் பாத்துத் திரும்பிக்கிட்டேன்.”

எனக்கு அழுகை நின்றுவிட்டது. ஆண்டவன் ஒடித்தான் என்று சொன்னீர்களே என்று கேட்டேன். அவர் சாதத்தைப் பிசைந்துகொண்டார்.

“ஒனக்கு வர வேண்டியது பாப்பாவுக்கு எதுக்குலே வருது? ஆண்டவன் என்ன தபால்காரனா, ஆளு மாத்திக் குடுக்கதுக்கு? ஓடு, இன்னைக்கே டாக்டர்ட்ட தூக்கிட்டுப் போகச் சொன்னேன்னு ஒங்க அம்மாட்டச் சொல்லு” என்றார். நான் வாசலைத் தாண்டுமுன் மறுபடியும் கூப்பிட்டார். “ஈரத்தப் பத்தி யார்ட்டயும் மூச்சு விடாத. ஒங்க அப்பாட்டக்கூட. நீ சொன்னேன்னா எனக்குத்தான் கஷ்டம்.”

திருடியது நான். மாட்டிக்கொண்டால் அடி விழப்போவது எனக்கு. அவருக்கு என்ன கஷ்டம் என்று புரியவில்லை. பெரிய மனதோடு என்னைக் காப்பாற்றுகிறார் என்று முடிவுகட்டி ஓடிவிட்டேன்.

டாக்டர் கொடுத்த மருந்தில் நான்காம் நாள் பாப்பா கண்ணை அகல விழித்துப் பால் குடித்தாள். அண்ணாச்சி மனம் மாறிய பலன் என்றாள் அம்மா. மருந்தின் பலன் என்றார் அப்பா. நான் உண்மையைச் சொன்ன பலன் என்று நான் ரகசியமாக நினைத்துக்கொண்டேன். பாப்பா யாருடைய வாதத்தையும் பொருட்படுத்தாமல் குடித்துக்கொண்டிருந்தாள்.

கல்லூரியில் படிக்கும்போது கர்மா உண்டா, இல்லையா என்று விடுதி நண்பர்கள் மேஜையைத் தட்டி விவாதிப்பார்கள். நான் வாய் திறக்க மாட்டேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு பூட்டுத்தான். ஆறு குடித்தனத்துக்கு முன்னால் சட்டம் என்று போட்ட பூட்டை ஒரு மனிதர் தானாகத் திறந்துவிட முடியாது. திறக்க வேண்டும் என்று மனதுக்குள் எவ்வளவு இருந்தாலும், ஒரு காரணம் வேண்டும்; தன்னைவிடப் பெரிய காரணம். ஒரு பொடியன் சிந்திய தண்ணீரில் விழுந்தவர் என்றால், அவர் மறுநாள் இன்னும் பெரிய பூட்டாக வாங்கி மாட்டியாக வேண்டும். ஆண்டவனிடம் தோற்றவர் என்றால் சாவியைக் கொடுத்துவிடலாம்.

அன்று எனக்கு அது தெரியாது. அந்தக் கோடை முழுக்க அண்ணாச்சி என்னைக் காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றுகிறார் என்றே நம்பியிருந்தேன். வாயை மூடிக்கொண்டிருந்த ஒவ்வொரு நாளும் நான்தான் அவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன் என்பதும், ஆறு வீட்டுக்கும் தண்ணீர் வந்துகொண்டிருந்தது அதனால்தான் என்பதும் பத்து வயதில் எனக்கு எப்படித் தெரியும்?