நீளவண்டியின் பின்பக்கம்

அந்தத் தெருவில் அவருக்கு நீளவண்டிக்காரர் என்று பெயர். டீசல் என்ஜின் வேலையில் கைதேர்ந்தவர், சொந்தமாகப் பட்டறை வைத்திருப்பவர் என்பதெல்லாம் அப்புறம்தான். பின்னால் ஒரு சின்ன அறை அளவுக்கு நீண்டு கிடக்கும் அந்தப் பழைய டீசல் காரைக் கல்யாணமான புதிதில் வாங்கினார். மகன் அதில் படுத்து உருண்டு வளர்ந்து, படித்து, வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டான். வண்டி மட்டும் வீட்டைவிட்டுப் போவதாக இல்லை.

அந்த வண்டியில் அவருக்குத் தலைகால் தெரியாத பெருமை ஒன்று உண்டு. சாதாரணக் காரின் பின்னால் நாலு மூட்டையைப் போட்டால் பின்பக்கம் தொங்கிவிடும், முன்விளக்கு மரத்தில் இருக்கும் காக்காய்க்கு வெளிச்சம் காட்டும். இந்த வண்டி அப்படியில்லை. என்ஜின் ஓடும்போது ஒரு பம்பு எண்ணெயை அழுத்திப் பின்சக்கரங்களுக்கு அனுப்பும். எவ்வளவு பாரம் ஏற்றினாலும் பின்பக்கம் தானாக எழுந்து மட்டத்துக்கு வந்துவிடும். பட்டறைக்கு யாராவது புதிதாக வந்தால் பழைய கியர்பாக்ஸ் ஒன்றைப் பின்னால் தூக்கிப் போட்டுவிட்டு, சாவியைத் திருப்பி, "இப்ப பாருங்க" என்பார். வண்டி மெல்ல எழுந்து நிற்கும். வண்டியைச் செய்தவரே அவர்தான் என்பது போல மீசையைத் தடவிக்கொள்வார்.

மனைவிக்கு இடுப்புக்கு மேலே முதுகெலும்பில் அறுவை சிகிச்சை நடந்தபோதுதான் அந்தப் பெருமைக்கு வந்தது சோதனை.

வியாழக்கிழமை வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். படுத்த வாக்கிலேயே போக வேண்டும், குலுங்கவே கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிடட்டுமா என்று நர்ஸ் கேட்டதும் இவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"ஆம்புலன்ஸ் எதுக்கும்மா? நம்ம வண்டி இருக்கு. பின்சீட்டை மடிச்சா மெத்தையே விரிக்கலாம். ராணி மாதிரி படுத்துக்கிட்டு வருவா."

மனைவி கூரையைப் பார்த்தபடியே, "நான் வரல" என்றாள்.

"எங்க வரல?"

"உங்க வண்டியில வரல. டாக்டர் இப்பத்தான் தைச்சிருக்காரு. நீங்க வழியிலயே பிரிச்சிடாதீங்க."

கட்டில் ஓரத்தில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த மச்சினி வாயைப் பொத்திக்கொண்டாள். மனைவியின் தங்கை, நகரப் பேருந்து ஓட்டுகிறவள். அவள் சிரித்ததுதான் இவருக்கு இன்னும் சுருக்கென்று இருந்தது.

"அந்த வண்டியைப் பத்தி உனக்கு என்ன தெரியும்? காலையிலகூடப் பாத்தேன். மட்டப்பலகை வச்ச மாதிரி நிக்குது."

"நிக்கிறப்ப நல்லாத்தாங்க இருக்கு. ஆனா நின்னுக்கிட்டே இருந்தா நான் எப்படி வீட்டுக்கு வர்றது?"

"குலுங்குதுன்னு ஒரு நாளாவது சொன்னியா?"

"சொன்னேனே. ரோடு சரியில்லன்னீங்க. அப்புறம் சொன்னேன், டயர்ல காத்து அதிகம்னீங்க. அப்புறம் நான் சொல்றதை விட்டுட்டேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "ஒரே ஒரு தடவை பின்னாடி படுத்துக்கிட்டுப் போய்ட்டு வாங்க. அப்புறமும் இதையே சொன்னீங்கன்னா வர்றேன்."

யோசித்துப் பார்த்தால், அந்த வண்டியின் பின்பக்கத்தில் அவர் ஒரு நாளும் பயணம் செய்ததில்லை. எப்போதும் ஓட்டியவர் அவர். மனைவி எப்போதும் பின்சீட்டில். மகன் குழந்தையாக இருந்தபோது அவனோடு பின்னால் உட்கார ஆரம்பித்தாள். அவன் வளர்ந்து இறங்கிப் போன பிறகு முன்சீட்டுக்கு வரலாம் என்றால், அங்கே எப்போதும் எண்ணெய் டப்பா, பழைய பெல்ட்டு, யாருடைய வண்டிக்கோ வாங்கிய சாமான் என்று ஏதாவது உட்கார்ந்திருக்கும். "இதை எறக்கி வச்சுட்டு உக்காரேன்" என்று அவர் சொன்னதுண்டு. எண்ணெய்ப் பிசுக்கு புடவையில் ஒட்டும் என்று அவள் பின்கதவைத் திறந்துகொண்டு போய்விடுவாள்.

அன்று சாயங்காலமே மச்சினி சாவியை வாங்கிக்கொண்டாள். இவர் பின்சீட்டை மடித்து, ஒரு போர்வையை விரித்து, மல்லாந்து படுத்தார்.

"மாமா, பஸ்ஸுனா கம்பியைப் புடிச்சுக்கோங்கன்னு கத்துவோம். உங்களுக்கு என்ன சொல்றது?"

"வாயை மூடிக்கிட்டு ஓட்டு. நிதானமா ஓட்டு."

அவள் நிதானமாகத்தான் ஓட்டினாள். தெருமுனை வேகத்தடையில் அவர் உடம்பு மேலே எழும்பியது. அது கீழே இறங்குவதற்குள் வண்டியின் தரை எழும்பி வந்து எதிரே மோதியது. பல்லோடு பல் இடித்தது. ரயில்வே கேட்டில் தண்டவாளத்தைத் தாண்டியபோது யாரோ முதுகில் பலகையால் அறைவது போல வரிசையாக அறை விழுந்தது. முன்னால் மச்சினி என்னவோ சோபாவில் உட்கார்ந்திருப்பவள் போல அசையாமல் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"மாமா, உயிரோட இருக்கீங்களா?"

"திருப்பு. அந்தத் தெருமுனை மேட்டுல இன்னொரு தடவை ஏத்து."

"ஏன், பத்தலையா?"

இரண்டாவது அடியில் அவருக்குச் சந்தேகமே இல்லாமல் விளங்கிவிட்டது. இன்னொருவர் வண்டியாக இருந்திருந்தால் பின்பக்கத்தைக் கையால் ஒரு அமுக்கு அமுக்கியதுமே சொல்லியிருப்பார். பின்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் இரும்பு உருண்டை ஒன்று இருக்கிறது. உள்ளே ஒரு ரப்பர் தடுப்பு. ஒரு பக்கம் எண்ணெய், மறுபக்கம் வாயு. சக்கரம் மேட்டில் ஏறும்போது எண்ணெய் அந்த வாயுவை அமுக்கும், வாயு சுருங்கி அடியை வாங்கிக்கொள்ளும். வாயு கசிந்து போய்விட்டால் அடியை வாங்க ஆளில்லை. எண்ணெய் சுருங்காது, இரும்புக் கம்பி மாதிரி விறைத்து நிற்கும். ஆனால் வண்டியைத் தூக்கி நிறுத்துவது எண்ணெய்தான். அதில் குறையில்லாததால் வண்டி எப்போதும் போல மட்டமாக நின்றது. தினமும் காலையில் வாசலில் நின்று அதைப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். ஓட்டும்போதோ அவர் முன்னால் இருந்தார். முன்பக்கத்துக்கு வேறு ஸ்பிரிங்.

பட்டறை வாசலில் மச்சினி வண்டியை நிறுத்தினாள். "முன்சீட்டுல இந்த அட்டைப்பெட்டி வேற. பிரேக் போட்டா போதும், முன்னாடி வந்து முட்டுது. அப்படி என்ன மாமா இதுல?"

அவர் எழுந்து உட்கார்ந்து தலைமுடியைக் கோதிக்கொண்டார். சொல்லாமல் தப்பிக்கலாம். ஆனால் அவள் அதற்குள் பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"பின்சக்கரத்துல அடி வாங்கற உருண்டைதான். ரெண்டு. புதுசு. போன வருஷம் கெடச்சுது. அப்புறம் தேடினா கெடைக்காதேன்னு வாங்கி வச்சேன்."

அவள் பெட்டியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "அக்கா உக்கார வேண்டிய எடத்துல அக்காவுக்கு வேண்டிய சாமான் ஜம்முனு உக்காந்து ஊர் சுத்தியிருக்கு." இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் வந்த வண்டிகளையெல்லாம் அவர் திருப்பி அனுப்பினார். நீளவண்டியைத் தூக்கித் தாங்கிகளில் நிறுத்தி, முதலில் எண்ணெயின் அழுத்தத்தை இறக்கினார். இறக்காமல் திறந்தால் முகத்தில் பீய்ச்சும். இடப்பக்கத்து உருண்டை சொன்ன பேச்சைக் கேட்டுக் கழன்று வந்தது. வலப்பக்கம் முரண்டு பிடித்தது. குழாயைப் பிடித்திருந்த நட்டு துருவேறி முனை மழுங்கிவிட்டது. சூடு காட்டினார், தட்டினார், கெஞ்சினார், கடைசியில் அவசரப்பட்டுத் திருகினார். குழாய் ஒடிந்தது. மற்றவர் வண்டியில் இப்படி அவசரப்பட்டதில்லையே என்று தோன்றியது. எழுந்து கை கழுவி, தடித்த பிரேக் குழாய்த் துண்டு ஒன்றை எடுத்து, பழையதன் வளைவுக்கு வளைவு ஒப்பிட்டு வளைத்து, முனையை விரித்துப் பொருத்தினார். பொழுது சாய்ந்துவிட்டது.

எண்ணெய் ஊற்றி என்ஜினை ஓடவிட்டதும் பின்பக்கம் எழுந்தது. எட்ட நின்று பார்க்கும் வழக்கத்தை அவர் அன்று விட்டுவிட்டார். உள்ளங்கையை வைத்து ஓங்கி அமுக்கினார். வண்டி இறங்கியது, மெத்தென்று ஏறியது. இன்னொரு முறை அமுக்கிப் பார்த்தார்.

பணி முடித்து வந்த மச்சினியை மறுபடி ஓட்டச் சொல்லி மறுபடி படுத்தார். அதே மேடு, அதே தண்டவாளம். தரை இறங்கும்போது அவரும் இறங்கினார், ஏறும்போது அவரும் ஏறினார்.

"என்ன மாமா, சத்தத்தையே காணோம்?"

"நீ வந்து படு. நான் ஓட்டறேன். உங்க அக்கா என் பேச்சை நம்ப மாட்டா."

படுத்துப் பார்த்துவிட்டு மச்சினி அக்காவுக்குப் போன் போட்டு, தாலாட்டுதான் பாக்கி என்று சொன்னாள். மறுமுனையில் அக்கா மசியவில்லை. "நீ பஸ் ஓட்டுறவ. உனக்கு எது ஆடினாலும் தொட்டில்தான். போனை அவர்கிட்ட குடு." பிறகு அவரிடம் சொன்னாள்: "வர்றேன். ஆனா ஓட்டறது அவ. நீங்க என்கூட பின்னாடி வரணும். குலுங்குனா ரெண்டு பேருக்கும் குலுங்கட்டும்."

வியாழக்கிழமை அவளை மெத்தையில் கிடத்தி, பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். மச்சினி கண்ணாடியில் இருவரையும் பார்த்து, "டிக்கெட் எடுத்தாச்சா?" என்றாள். ரயில்வே கேட் நெருங்க நெருங்க இவர் மெத்தையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். புதிதாக வளைத்த குழாய் நினைவுக்கு வந்தது. மனைவி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சக்கரங்கள் தண்டவாளத்தில் ஏறி இறங்கின.

"கேட்டு எப்ப வரும்?" என்றாள்.

"தாண்டியாச்சு."

"ம்" என்றாள். கொஞ்ச தூரம் போனதும், "அப்ப ரோடு நல்ல ரோடுதான்" என்றாள்.

அதற்கப்புறம் பட்டறையில் அவருக்குப் புதுப் பழக்கம் ஒன்று ஒட்டிக்கொண்டது. வேலை முடிந்த வண்டியை அதன் சொந்தக்காரரையே ஓட்டச் சொல்லிவிட்டு இவர் பின்சீட்டில் ஏறிக்கொள்வார். சிலருக்கு இது சிரிப்பாக இருந்தது.

மனைவி எழுந்து நடமாட ஆரம்பித்து, தையல் பிரித்த இடத்தை டாக்டரிடம் காட்டப் போகிற நாளில் அவர் முன்சீட்டை ஒழித்து, சோப்புப் போட்டுத் துடைத்து, துவைத்த துண்டு ஒன்றை விரித்து, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அவள் அந்தத் துண்டைப் பார்த்தாள். அவர் கையையும் பார்த்தாள். பிறகு போய்ப் பின்கதவைத் திறந்தாள்.

"ஏய், இங்க வா. உனக்குத்தான் சுத்தம் பண்ணி வச்சிருக்கேன்."

"இருக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டே அவள் முதுகுக்குத் தலையணையைச் சரி செய்துகொண்டாள். "இவ்வளவு வருஷம் அடி வாங்கியிருக்கேன். இப்பத்தான் இந்த எடம் உக்கார்ற மாதிரி ஆயிருக்கு. இதை விட்டுட்டு நான் ஏன் முன்னாடி வரணும்? ஏறி ஓட்டுங்க."