கிறீம் போடாத மூன்று கிழமை

காலை பதினொன்றரைக்கு அம்புறோஸ் தக்காளிச் சோஸில் ஒரு சொட்டை இடது புறங்கையில் விட்டு நக்கிப் பார்ப்பார். கண்ணை மூடுவார். தலையை ஒரு பக்கம் சரிப்பார். பிறகு அடுப்பைப் பார்த்துச் சொல்வார்: "ம். இது நாப்போலி." நாப்போலிக்கு அவர் போனதில்லை. போன செப்டெம்பர் வரை இத்தாலியின் எந்த மூலைக்கும் போனதில்லை. பிறந்தது யாழ்ப்பாணத்துப் பாசையூரில். சமையல் பழகியது ஸ்டுட்கார்ட்டின் கான்ஸ்டாட் பகுதியில், ஒரு கொசோவோக்காரரிடம்.

அந்தக் கொசோவோக்காரர்தான் முதலாளி. பெயர் அக்ரோன். வாசல் பலகையில் இத்தாலி என்ற பெயரும் கொண்டோலாப் படகும், சுவரில் எரிமலை, மேசைக்குச் சிவப்பு வெள்ளைக் கட்டம் போட்ட விரிப்பு என்று இவ்வளவையும் வாங்கிப் போட்ட மனிதர் அக்ரோன் என்ற பெயரோடு அங்கே நிற்கலாமோ? வாடிக்கையாளருக்கு அவர் சிஞ்ஞோர் அன்ரோனியோ. அந்த உணவகத்தில் உண்மையாகவே இத்தாலியில் இருந்து வந்தவை ஒலிவ் எண்ணெயும் தக்காளி டின்னும் மட்டும்தான். யாராவது வயிறு நிறைந்த சந்தோசத்தில், உங்கள் சமையற்காரர் இத்தாலியில் எந்தப் பக்கம் என்று விசாரித்தால், அக்ரோன் பொய் சொல்லமாட்டார். "தெற்கு," என்பார். "நல்ல தெற்கு." அம்புறோஸ் சமையலறைக் கதவைத் தாண்டி வெளியே வருவதில்லை. வராதே என்று யாரும் சொன்னதில்லை. வா என்றும் யாரும் சொன்னதில்லை. இப்படியே இருபத்தொன்பது வருடம் ஓடிவிட்டது.

ஆனால் தமிழ்ச் சனத்துக்குள் வந்துவிட்டால் ஆள் வேறு. பிறந்தநாளோ, முதல் நன்மையோ, எந்த மண்டபமானாலும் இடியப்பத்துக்குப் பக்கத்தில் பிள்ளைகளுக்கென்று யாரோ லசான்யா கொண்டுவந்து வைத்திருப்பார்கள். அம்புறோஸ் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அதற்கு முன்னால் போய் நிற்பார். எக்ஸ்ரே படத்தைப் பார்க்கும் டொக்ரர் மாதிரிக் குனிந்து பார்ப்பார்.

"வெள்ளைச் சோஸ் பத்தாது, தங்கச்சி. சீஸும் இது இல்லை. ஒறிஜினல் எண்டா ஒறிஜினல். நான் சொல்லுறன், எழுதி வையுங்கோ."

பாவம், விடியற்காலை எழும்பிச் செய்துகொண்டு வந்த அந்தத் தங்கச்சி அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரியும். சொன்னவர் இடியப்பமும் சொதியும் போட்டுக்கொண்டு ஒரு மூலையில் இருந்து சாப்பிடுவார். வீட்டிலும் அவருக்குப் புட்டும் மீன்குழம்பும்தான். ஏன் அண்ணை, நீங்கள் பாஸ்தா சாப்பிடுவதில்லையோ என்று கேட்டால் அதற்கும் விடை வைத்திருப்பார். "அது சாப்பிடுறவைக்கு. சமைக்கிறவனுக்கில்லை."

இப்பேர்ப்பட்ட மனிதரைத்தான் மகள் லிசா இத்தாலிக்கு அனுப்பி வைத்தாள். அறுபத்துமூன்றாவது பிறந்தநாளுக்கு, அப்பாவுக்கும் அம்மாவுக்குமாக எட்டு நாள் ஆற்றுக் கப்பல் பயணம். பழைய நகரங்கள், பாரம்பரியச் சுவைகள் என்று பயண விளம்பர அட்டையில் போட்டிருந்தது. அம்புறோஸ் அதைப் புரட்டிப் பார்த்தார். "சுவையை எனக்கு ஆர் காட்டப்போறது?" என்று கேட்டார். என்றாலும் புதுச் சப்பாத்து வாங்கினார், தலைக்கு மை பூசினார். மனைவி பிலோமினா கருவாட்டுச் சம்பல் போத்தலைப் பெட்டிக்குள் வைக்கக் கண்டுவிட்டு அம்புறோஸ் வீட்டை இரண்டாக்கினார்.

"இத்தாலிக்குச் சம்பல் கொண்டு போற ஆளை நான் இப்பதான் பாக்கிறன். ஆரும் கண்டு கேட்டா, உம்மை எனக்குத் தெரியாது எண்டுதான் சொல்லுவன்."

பிலோமினா போத்தலை ஒரு காலுறைக்குள் செருகிப் பெட்டியைப் பூட்டினார். கப்பலேறிய இரண்டாம் நாளே அந்தப் போத்தல் பாதியாகியிருந்தது. பிலோமினா அதைத் தொடவேயில்லை.

ஆற்றுக் கப்பல் என்றுதான் பெயர். அந்த வருடக் கோடையில் ஆற்றில் தண்ணீர் போதவில்லை. ஆகவே கப்பலை வெனிஸுக்குப் பக்கத்தில் கட்டிவைத்துவிட்டு, காலையில் எல்லாரையும் பஸ்ஸில் ஏற்றி, ஒரு நாளைக்கு ஒரு நகரமாகக் காட்டி, பின்னேரம் கொண்டுவந்து திரும்பவும் கப்பலில் விட்டார்கள். நூறு பயணிகள், அநேகமாக எல்லாரும் ஜேர்மன் ஓய்வூதியக்காரர். அம்புறோஸின் சாப்பாட்டு மேசைக்கு ஹைல்புரோனில் இருந்து வந்த இரண்டு தம்பதியர் வாய்த்தார்கள். முதல் இரவே இவர் தன் தொழிலைச் சொல்லிவிட்டார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அம்புறோஸ் வாயில் வைத்து, மென்று, கண்ணை மூடி, தலையைச் சரித்து, சரி என்று கையைக் காட்டும்வரை அந்த மேசையில் ஒருவரும் முள்ளுக்கரண்டியைத் தூக்கவில்லை. சும்மா சொல்லக்கூடாது, சொந்தக் கலியாணத்தில்கூட அவருக்கு இந்த மரியாதை கிடைத்திருக்காது.

ஃபெராராவில் கோட்டை பார்த்தார்கள். அங்கே ஆண்ட பிரபுக்களின் சண்டை சச்சரவுகளை வழிகாட்டி ஒரு மணித்தியாலம் விளக்கினார். அம்புறோஸ் கையை உயர்த்தி, அவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டார். பதுவையில் அந்தோனியார் கோயில். அழியாத நாக்கு என்று சொல்லி அந்தோனியாரின் நாக்கைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். அதன் முன்னால் அம்புறோஸ் நெடுநேரம் நின்றார், ஒரே தொழில்காரர் என்ற மரியாதையில். பிலோமினாவோ புனிதரின் கல்லறையில் வேண்டுதலோடு வைத்த கையை, பின்னால் நின்ற வரிசை முணுமுணுக்கத் தொடங்கும்வரை எடுக்கவில்லை. அப்படி என்ன கேட்டனீர் என்று வெளியே வந்து விசாரித்தார் இவர்.

"உங்கடை வாயைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லிக் கேட்டனான்," என்றார் பிலோமினா.

அம்புறோஸுக்குத் தெரிந்த இத்தாலியன் எல்லாம் சாப்பாட்டுப் பட்டியலில் பொறுக்கியது. பசியில்லாத இத்தாலியரோடு அவரால் கதைக்க ஏலாது. பொலோஞ்ஞாவில் ஒரு கடையில் உட்கார்ந்து, நல்ல தெளிவாக ஸ்பகெற்றி பொலோஞ்ஞேசே கேட்டார். அப்படி ஒன்று எங்களிடம் இல்லை என்றார் பரிமாறுபவர். பட்டையாக வெட்டிய வேறு ஏதோ பாஸ்தாவைக் காட்டி, இறைச்சிக் குழம்பு இதற்குத்தான் என்றார். அம்புறோஸுக்கு வந்ததே கோபம். "ஊர்ப் பேரிலை இருக்கிற சாப்பாட்டையே தெரியாதவன் இஞ்சை என்னெண்டு வேலை செய்யிறான்?" என்று கடை முழுவதற்கும் கேட்கத் தமிழில் பேசினார். ஹைல்புரோன்காரர் நால்வரும் மொழி புரியாவிட்டாலும் அவர் பக்கம் நின்று தலையாட்டினார்கள்.

கடைசி இரவு கப்பலில் கார்பனாரா வந்தது. கார்பனாரா என்றால் அது அம்புறோஸின் சொந்தக் காணி. கான்ஸ்டாட்டில் ஒரு நாளைக்கு நாற்பது தட்டுப் போகும். கிறீம், முட்டை, பன்றித்தொடை இறைச்சி, கொஞ்சம் வெங்காயம், மேலே வறுத்து இடித்த மிளகு. இங்கே வந்த தட்டிலோ சோஸ் என்று சொல்ல ஒன்றுமில்லை. மஞ்சளாக ஏதோ பாஸ்தா நூலில் ஒட்டிக்கொண்டிருந்தது. நான்கு பேரும் இவர் முகத்தைப் பார்த்தார்கள். அம்புறோஸ் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சமையற்காரரைக் கூப்பிடச் சொன்னார்.

வந்தவர் ஒர்னெல்லா என்று ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண். கிறீம் போட மறந்துவிட்டீர்களோ என்று அம்புறோஸ் பெருந்தன்மையோடு ஜேர்மனில் கேட்டார். ஒர்னெல்லா கோபிக்கவில்லை. இவருடைய கையைப் பார்த்தார், அதில் இருந்த சூட்டுத் தழும்புகளைப் பார்த்தார். தன் கையிலும் அதே இடங்களில் தழும்பு இருந்தது. வாருங்கள் என்று உள்ளே கூட்டிக்கொண்டு போனார். பன்றியின் கன்ன இறைச்சியைக் கொழுப்பு உருக வதக்கினார். முட்டை மஞ்சளையும் சீஸையும் மிளகையும் கலந்தார். அடுப்பை அணைத்துவிட்டு, பாஸ்தா அவித்த தண்ணீரில் ஒரு அகப்பை விட்டுச் சுழற்றிக் கொடுத்தார்.

அம்புறோஸ் வாயில் வைத்தார். அவருக்கு அழுகை வந்தது. ருசிக்கு வந்த அழுகை அல்ல. இதுதான் கார்பனாரா என்றால் நான் இவ்வளவு காலமும் சமைத்தது என்ன, நான் என்ன சமையற்காரன் என்று வந்த அழுகை. மேசைக்குத் திரும்பி வந்து கண்ணை மூடாமல், தலையைச் சரிக்காமல் தட்டைக் காலியாக்கினார். ஹைல்புரோன்காரர் என்ன முடிவு என்று கேட்கமுன் எழும்பி அறைக்குப் போய்விட்டார்.

வீடு வந்தும் வாய் திறக்கவில்லை. அந்தோனியார் இவ்வளவு கெதியாகக் காது கொடுப்பார் என்று பிலோமினா எதிர்பார்க்கவில்லை. முதல் இரண்டு நாளும் சந்தோசமாக இருந்தது. மூன்றாம் நாள் பயம் பிடித்துவிட்டது.

"இஞ்சேருங்கோ, வயித்துக்கை ஏதும் செய்யுதோ? டொக்ரரிட்டைக் காட்ட டேர்மின் ஒண்டு எடுப்பமோ?"

"இருபத்தொம்பது வருசம், பிலோமினா. சனத்துக்குப் பொய்யைக் கோப்பையிலை போட்டுக் குடுத்திருக்கிறன்."

அந்த மாதத் தமிழ்ப் பூசைக்கு முன்னால் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். அங்கே சொன்னதை வெளியே சொல்லக்கூடாது என்ற கட்டுப்பாடு சுவாமியாருக்குத்தான். அம்புறோஸுக்கு இல்லை. பூசை முடிந்து தேத்தண்ணி குடிக்கையில் அவரே எல்லாருக்கும் சொல்லிவிட்டார். "சுவாமி, நான் கார்பனாராவுக்குக் கிறீம் போட்டிட்டன்," என்றாராம். அதற்குச் சுவாமியார், "கிறீம் போட்டா நல்லாத்தானே இருக்கும், அம்புறோஸ்?" என்றாராம். கடைசியில் ஒரு செபமாலை சொல்லச் சொல்லி அனுப்பியிருக்கிறார். அதுவும் கிறீமுக்கில்லை, பொலோஞ்ஞாவில் அந்த மனிதரைக் கண்டபடி பேசினதுக்கு.

சுவாமியார் மன்னித்தாலும் அம்புறோஸ் தன்னை மன்னிக்கத் தயாரில்லை. திங்கட்கிழமை கிறீம் பெட்டிகளைக் குளிர்சாதனப் பெட்டியின் அடித்தட்டுக்குத் தள்ளினார். பன்றிக் கன்னம் வாங்குவித்தார். கான்ஸ்டாட்டில் ஒறிஜினல் தொடங்கியது. போன தட்டெல்லாம் திரும்பி வந்தது. சோஸ் எங்கே என்று ஒருவர், காய்ந்து போயிருக்கிறது என்று இன்னொருவர், முட்டை வேகவில்லை, சுகாதாரப் பகுதிக்கு எழுதுவேன் என்று மற்றொருவர். அம்புறோஸ் அசையவில்லை. திரும்பிய தட்டு ஒவ்வொன்றோடும் ஒரு விளக்கத்தையும் அக்ரோனிடம் கொடுத்தனுப்பினார். அக்ரோன் தட்டை எடுத்துக்கொண்டார், விளக்கத்தை வழியில் விட்டுவிட்டார்.

மூன்றாம் கிழமை அக்ரோன் சமையலறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். "அம்புறோஸ், இது இத்தாலி இல்லை, கான்ஸ்டாட்," என்றார்.

"வாசல் பலகையில் இத்தாலி என்றுதானே போட்டிருக்கு?"

பதிலில்லாத முதலாளி செய்வதை அக்ரோனும் செய்தார். இந்தச் சனிக்கிழமைக்குள் கிறீம் வரவேண்டும், வராவிட்டால் அடுப்பை வேறு ஆளிடம் கொடுப்பேன், ஓய்வூதியம் வரும்வரை நீ சலாட் வெட்டலாம் என்றார். அம்புறோஸ் அன்றிரவு பிலோமினாவிடம் முடிவைச் சொன்னார். "சலாட் வெட்டுவன். கிறீம் போடமாட்டன்." அடுப்பை விட்டால் இந்த மனிதர் ஆறு மாதம் தாங்கமாட்டார் என்று பிலோமினாவுக்குத் தெரியும்.

வியாழக்கிழமை ஃப்ராவ் ஹைன்லே என்ற அம்மையார் வந்தார். எண்பத்தொரு வயது. பதினெட்டு வருடமாக வியாழன் தோறும் ஒரு மணிக்கு, ஹீற்றர் பக்கத்து மேசையில், கார்பனாரா. முழங்கால் ஒப்பரேசனுக்குப் போய் ஆறு கிழமை வராமல் இருந்துவிட்டு அன்றுதான் ஊன்றுகோலோடு வந்திருந்தார். தட்டுப் போனது. அம்புறோஸ் கதவுக் கண்ணாடிக்குள்ளால் பார்த்துக்கொண்டு நின்றார். கிழவி இரண்டு வாய் சாப்பிட்டார். முள்ளுக்கரண்டியை வைத்தார். அக்ரோனைக் கூப்பிடவில்லை. ஊன்றுகோலை எடுத்து, மேசை மேசையாகப் பிடித்துப் பிடித்து, நேரே சமையலறைக்கு வரத் தொடங்கினார்.

அம்புறோஸ் நெஞ்சை நிமிர்த்தினார். பன்றிக் கன்னத்தின் பெருமை முழுவதும் நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

கதவு திறந்தது. ஃப்ராவ் ஹைன்லே அவரை மேலும் கீழும் பார்த்தார். அவருக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களோ என்று எட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"மன்னிக்கவேண்டும். உங்களைக் குறை சொல்ல வரவில்லை. நீங்கள் சமைத்ததும் நல்லதுதான். ஆனால் எப்போதும் சமைக்கிறவர் எங்கே? அவருக்குச் சுகமில்லையா?"

அம்புறோஸ் கையில் இருந்த அகப்பையைக் கீழே வைத்தார்.

"ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம் அவருடைய சாப்பாட்டைத்தான் நினைத்துக்கொண்டு கிடந்தேன். இது அவருடைய கை இல்லை. எனக்குத் தெரியும். என்னிடம் மறைக்கவேண்டாம், ஏதும் பெரிய வருத்தமா? திரும்ப வருவாரா?"

கிழவியின் கண் கலங்கியிருந்தது. பின்னால் அக்ரோன் மூச்சுவிடாமல் நின்றார். பதினெட்டு வருடமாகத் தன்னை ஒருத்தர் அறிந்து வைத்திருக்கிறார் என்பது அம்புறோஸுக்கு அன்றுவரை தெரியாது.

"வருவார்," என்றார். "நீங்கள் போய் இருங்கள். ஐந்து நிமிடத்தில் வந்துவிடுவார்."

ஊன்றுகோல் சத்தம் மேசைவரை போய் ஓயும்வரை அம்புறோஸ் அசையாமல் நின்றார். பிறகு குனிந்து அடித்தட்டில் இருந்து கிறீம் பெட்டி ஒன்றை எடுத்து, கத்தரிக்கோலைத் தேடப் பொறுமையில்லாமல் மூலையைப் பல்லால் கிழித்தார். சட்டியில் ஒரு அகப்பை ஊற்றினார். கதவுக் கண்ணாடியைப் பார்த்தார். இன்னும் ஒரு அகப்பை ஊற்றினார்.