ஒரு நிமிடம்... அப்டேட் நடக்கிறது

போன புதன்கிழமை காலை ஒன்பதரைக்கு என் பிளாக்கைக் கொல்லப் பார்த்தேன்.

வேண்டுமென்று இல்லை. ஒரு பட்டனை அமுக்கினேன், அவ்வளவுதான்.

வழக்கமாக இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்கு என் பிளாக்கைத் தெரியும். சிங்களத்தில் வரும் படிவங்களில் எந்தக் கூட்டில் எதை எழுத வேண்டும் என்று எண் போட்டு, தமிழில் விளக்கம் போடுகிறேன். இணையத்தில் சொந்தப் பெயர், சொந்த இடம். உடைந்தாலும் நானேதான் ஒட்ட வேண்டும்.

வத்தேகமைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் சிக்னல் வீட்டுக்குள் வராது. ஃபோனை ஜன்னல் விளிம்பில் வைத்து, அதிலிருந்து லேப்டொப்புக்கு இன்டர்நெட் எடுப்பேன். அழைப்பு வந்தால் டேட்டா நின்றுவிடும். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் வேலை நாளில், காலை நேரத்தில், 'அப்டேட்' என்று இருந்ததை அமுக்கினேன். புத்தி எங்கே போனது?

பாதி ஓடியிருக்கும். ஃபோன் அடித்தது. செல்வி அக்கா, எங்கள் லயத்தில் மூன்றாவது வீடு. கட் பண்ணினேன். மறுபடி அடித்தது. கட். மூன்றாவது முறையும்... கட்.

அப்டேட் நின்றுவிட்டது.

பக்கத்தைத் திறந்தால் ஒரே ஒரு வரி. 'பராமரிப்பு வேலை நடக்கிறது. ஒரு நிமிடத்தில் மீண்டும் வாருங்கள்.' அந்த வரியைத் தமிழில் எழுதிப் போட்டவனே நான்தான். ஒரு நிமிடம் பார்த்தேன். ஐந்து நிமிடம் பார்த்தேன். உள்ளே நுழையப் போனாலும் அதே வரி.

நாலு வருட எழுத்து. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்தவன் நான் ஒருவன். அப்பாவுக்கு 'பிளாக்' என்ற சொல் வாயில் நுழையாது. ஆனால் 'மகன் ஃபோனில எழுதுறான், ஊரே படிக்குது' என்று கொழுந்து நிறுக்கும் இடத்தில் சொல்லிக்கொள்வார். அவரிடம் என்ன சொல்வது... எழுதியதெல்லாம் போய்விட்டது என்றா?

மடவளையில் கம்பியூட்டர் கடை வைத்திருக்கும் நண்பன் ரிஸ்வானுக்கு மெசேஜ் போட்டேன். 'பேக்கப் ஈக்கா மச்சான்?' என்று கேட்டான். இல்லை. நெட்டில் தேடினால் எல்லோருமே 'முதலில் பேக்கப் எடுங்கள்' என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். விழுந்தவனிடம் 'பார்த்து நட' என்பது போல.

பிறகு ரிஸ்வானே வழி சொன்னான். அப்டேட் தொடங்கும்போது பிளாக் தன் வாசலில் 'வேலை நடக்கிறது' என்று ஒரு சின்ன ஃபைலை மாட்டும், முடிந்ததும் கழற்றும். நடுவில் அறுந்தால் அது மாட்டியபடியே இருக்கும். புள்ளியில் தொடங்கும் பெயர், அதனால் கண்ணுக்குத் தெரியாது. மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொல்லி, அதை அழித்துவிட்டு, மறுபடி அப்டேட் பண்ண வேண்டும்.

சேர்வருக்குள் போகப் பாஸ்வேர்ட் வேண்டும். அதை எழுதி வைத்திருந்த பழைய கலண்டர் தாள், அலுமாரிக்கு அடியில் கிடந்தது. தேடி எடுக்க ஒரு மணி நேரம்.

அழித்தேன். மறுபடி ஓட விட்டேன். இந்த முறை ஃபோன் அடிக்கவில்லை. பக்கம் திறந்தது. எல்லாப் பதிவும் அப்படியே இருந்தது. அழுகை வந்துவிட்டது என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

மணி பதினொன்று நாற்பது. அப்போதுதான் செல்வி அக்கா ஞாபகம் வந்தது. அவருக்கு ஃபோன் எடுத்தேன்.

"வேலயா இருந்தீங்களா தம்பி? நான் பிரதேச செயலகத்துலதான் நிக்கிறேன். தரணியோட பொறப்புச் சான்றிதழுக்கு. தமிழ் ஃபாரம் முடிஞ்சிருச்சாம், சிங்கள ஃபாரம்தான் குடுத்தாங்க."

தரணி அவருடைய மகள். மறுநாள் தாதியர் பயிற்சிக்கு நேர்முகம். சான்றிதழ் இல்லாமல் போக முடியாது. அக்காவுக்கு லீவும் அந்த ஒரு நாள்தான்.

"எப்பருந்துக்கா நிக்கிறீங்க?"

"ஒம்பதரைலருந்து. ஒங்க பக்கத்துல ஒரு நிமிஷத்துல வாங்கன்னு போட்டிருந்துச்சுல்ல. சரின்னு ஒதுங்கி நின்னு, பின்னால உள்ளவங்கள போக விட்டேன். இப்பவும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

அங்கே படிவம் வாங்கிக்கொள்வது பன்னிரண்டு மணி வரைதான்.

ஃபோனை வைத்துவிட்டு, லேப்டொப்பில் அந்தப் படிவத்தின் பதிவைத் திறந்து, மறுபடி அழைத்து அக்காவுக்கு ஒவ்வொரு கூடாக வாசித்தேன். முதல் கூட்டில் பிள்ளையின் பெயர். இரண்டில் பிறந்த இடம். நாலில் தாயின் பெயர்... பக்கத்தில் யாரிடமோ பேனா இரவல் வாங்கி எழுதினார். முழுவதும் சொல்லி முடிக்க நாலு நிமிடம் ஆனது. பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது படிவம் உள்ளே போனது. மூன்று மணிக்குச் சான்றிதழ் கையில்.

பின்னேரம் வீட்டுக்கு வந்த அக்கா அம்மாவிடம் தேத்தண்ணீர் வாங்கிக் குடித்துக்கொண்டே சொன்னார்: "இத வாயாலேயே சொல்லியிருக்கலாமே தம்பி. அதுக்குத்தானே மூணு தடவ அடிச்சேன்."

யாருக்காக எழுதினேனோ அவரையே மூன்று தடவை கட் பண்ணிவிட்டு, எழுதியதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

பேக்கப் எடுத்துவிட்டேன். அந்த 'ஒரு நிமிடம்' வரியை அழித்துவிட்டு, என் ஃபோன் நம்பரைப் போட்டிருக்கிறேன். இனி அப்டேட் எல்லாம் பௌர்ணமிப் போயா நாளில் மட்டும்தான்.

அன்றைக்கு ஆபிஸ் எதுவும் திறப்பதில்லை. யாரும் கியூவில் நின்று என்னை நம்பிக்கொண்டிருக்க மாட்டார்கள்.