நான் இடம் மாற்றிய இரண்டு வரிகள்

சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவன். கம்ப்யூட்டர் சென்டரில் ஆறு மாதம் கற்றதை வைத்துச் சின்னச் சின்னப் புரோகிராம் எழுதுவேன். சந்தேகம் வந்தால் யாரிடமும் கேட்க மாட்டேன். கூச்சம்.

எங்கள் ஊரில் ஆடிப்பெருக்கன்றுதான் அடுத்த வருஷத்துக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பத்தை வெளியிடுவார்கள். அன்றைக்கே வெளியூர் ஏஜெண்டுகள் கையில் படங்கள் இருந்தால் ஆர்டர் நமக்கு வரும். இல்லையென்றால் பக்கத்து அச்சகத்துக்குப் போய்விடும். அதுவரை சிடியில் பதிந்து பஸ்ஸில் கொடுத்தனுப்பினோம். பிராட்பேண்ட் வந்த வருஷம், ஏஜெண்டுகள் இருந்த நான்கு ஊருக்கும் ஒரே நேரத்தில் படங்களை அனுப்ப ஒரு புரோகிராம் எழுதித் தருவதாக முதலாளியிடம் சொன்னேன். நானாக வாய் திறந்து கேட்டு வாங்கிய வேலை அது ஒன்றுதான்.

நான்கு ஊருக்கு நான்கு த்ரெட். ஒரே புரோகிராமுக்குள் தனித்தனியாக ஓடும் நான்கு வேலைகள் என்று வைத்துக்கொள்ளலாம். இணையத்தோடு பேசுவதற்கு ஒரு நெட்வொர்க் லைப்ரரியை, அதாவது வேறு யாரோ எழுதிவைத்த தயார் புரோகிராமை, இலவசமாக இறக்கியிருந்தேன். அதன் ஆங்கிலக் கையேட்டில் ஒரே ஒரு ஃபைலை அனுப்பும் மாதிரி இருந்தது. முதல் வரி லைப்ரரியைத் தொடங்கும், கடைசி வரி மூடும். அதை அப்படியே நான்கு த்ரெட்டுக்குள்ளும் ஒட்டினேன். மாதிரிக்குக் கீழே இரண்டு பத்தி இருந்தது. புரியவில்லை, விட்டுவிட்டேன். சோதனைக்கு ஒரு ஊருக்கு மட்டும் அனுப்பிப் பார்த்தேன். போனது.

ஆடிப்பெருக்கன்று படங்களை எடுத்து வைத்து, பட்டனை அழுத்தியது டிசைன் போடும் பெண். பக்கத்து ஊரான விஸ்வநத்தத்திலிருந்து வருகிறவள். நான்கு ஊருக்கும் 'அனுப்பியாச்சு' என்று திரையில் வந்தது. மதியத்துக்குள் போன் வந்துவிட்டது. திருநெல்வேலி தவிர மற்ற மூன்று ஊரிலும் படங்கள் பாதிதான்.

"மதுரைக்காரன் சிரிக்கான். முருகனுக்கு முழங்காலுக்குக் கீழ ஒண்ணுமில்லையாம். என்னத்தம்மா சேவ் பண்ணி வச்ச?" என்று முதலாளி அவளிடம் கத்தினார்.

"நல்லாத்தான் மொதலாளி வச்சேன். அண்ணாச்சியும் பக்கத்துல நின்னு பாத்தாகளே" என்று என்னைக் காட்டினாள்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "ஏய்யா, ஒம் புரோகிராம் சரியாத்தான ஓடுச்சு?"

"ஓடுச்சு மொதலாளி."

அந்த நேரத்தில் காரணம் எனக்கும் தெரியாது. தெரியாது என்றாவது சொல்லியிருக்கலாம்.

மறுநாள் அவளைக் காலண்டரின் மேல் ஓரத்தில் தகரப்பட்டை அடிக்கும் பகுதிக்கு மாற்றிவிட்டார்கள். நாள் முழுக்க நின்றே செய்கிற வேலை. டிசைன் படித்துவிட்டு வந்தவள்.

மூன்றாம் நாள் அகராதியை வைத்துக்கொண்டு அந்த இரண்டு பத்தியையும் படித்தேன். லைப்ரரி முழுப் புரோகிராமுக்கும் ஒன்றுதான். த்ரெட்டுகள் கிளம்புமுன் ஒரு தடவை தொடங்க வேண்டும், எல்லாம் முடிந்த பிறகு ஒரு தடவை மூட வேண்டும் என்று தெளிவாகவே எழுதியிருந்தது. திருநெல்வேலிக்குப் படங்கள் குறைவு. அந்த த்ரெட் முதலில் முடிந்து, போகிற போக்கில் லைப்ரரியை மூடிவிட்டது. மற்ற மூன்றும் பாதியில் அறுந்தன. போனதா என்று பார்க்காமலே 'அனுப்பியாச்சு' என்று காட்டும்படி எழுதியதும் நான்தான்.

இரண்டு வரிகளையும் த்ரெட்டுக்கு வெளியே எடுத்து வைத்தேன். நான்கும் முடியும்வரை காத்திருக்கச் செய்தேன். அடுத்த முறை எல்லாம் முழுசாகப் போயின. "பாத்தியா, ஆள மாத்துனதும் சரியாப் போச்சு" என்றார் முதலாளி. நான் தலையாட்டினேன்.

ஒரு வாரம் கழித்து, சாப்பாட்டு நேரத்தில் அவளிடம் போய்ச் சொன்னேன். தப்பு என்னுடையது என்று.

தூக்குவாளியை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள். "எங்கிட்ட சொல்லி என்ன அண்ணாச்சி செய்ய? நான் என்ன, என்னையே பழைய எடத்துக்கு மாத்திக்கவா போறேன்? அங்கன போய்ச் சொல்லுங்க. நான் இங்கனயேதான் நிக்கேன்."

முதலாளி அறைக் கதவு வரை போனேன். அவர் யாரோ பார்ட்டியிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"என்னய்யா?"

"ஒண்ணுமில்ல மொதலாளி. பிரிண்டருக்கு டோனர் தீரப்போகுது."

"வாங்கிக்கோ" என்றார்.

திரும்பி வரும்போது அவள் என் முகத்தைப் பார்த்தாள். எழுந்து போய், அடுத்த கட்டுக் காலண்டரைத் தகர மெஷினுக்குக் கீழே வைத்தாள்.