இரண்டு கம்பெனி, ஒரே ஸ்டோர்

பிள்ளைகளா, நம் ஏலக்காய்க் கடையின் வலைத்தளம் ஒரு காலையில் திறக்காமல் போன கதையைச் சொல்கிறேன்.

தளம் நம்முடையதுதான். ஆனால் அதிலுள்ள படங்களையும் பக்கங்களையும் நாம் நேராக யாருக்கும் அனுப்புவதில்லை. அதற்கென்று கம்பெனிகள் இருக்கின்றன. நகலெடுத்து ஊர் ஊராகத் தங்கள் கம்ப்யூட்டர்களில் வைத்துக்கொண்டு, கேட்பவருக்குப் பக்கத்திலிருந்தே எடுத்துக் கொடுப்பார்கள். சிடிஎன் என்று பெயர். ஒன்று படுத்தால் கடையே படுத்துவிடுமே என்று, தளத்தைப் பார்த்துக்கொள்ளும் உங்கள் மாமா இரண்டாவதாக ஒரு கம்பெனியையும் சேர்த்திருந்தான். முதலாவது நின்றால் அது தானாகவே கையில் எடுத்துக்கொள்ளும். அந்தத் தைரியத்தில் இருந்தோம்.

அன்றைக்குக் கோயம்புத்தூர் இனிப்புக் கடைக்காரர் ஒருவர், கூட்டாளிகளோடு உட்கார்ந்து தளத்தில் காயைப் பார்த்துவிட்டுத் தீபாவளி ஆர்டர் சொல்வதாக இருந்தார். நம்மிடம் முதல் தடவை. அவரை நம்பி, ராசிங்காபுரத்திலிருந்து ஆட்களைக் கூப்பிட்டுப் பெரிய ரகமாகப் பிரித்து மூட்டை கட்டியிருந்தோம்.

கடையைத் திறந்ததும் போனில் தளத்தைத் தட்டினேன். வெறும் வெள்ளை. உங்கள் மாமா லேப்டாப்பை முறைத்துக்கொண்டிருந்தான்.

"மச்சான், ரெண்டும் படுத்துருச்சு."

"ரெண்டும் எப்படி மாப்ளே ஒன்னாப் படுக்கும்?"

அவனுக்கும் விளங்கவில்லை. இரண்டாவது கம்பெனிக்குப் போன் மேல் போன் போட்டான். கடைசியில் கிடைத்த ஆள் சாதாரணமாகச் சொன்னாராம், எங்களுக்குச் சொந்தமாகக் கம்ப்யூட்டர்கள் கிடையாது, முதல் கம்பெனியுடையதைத்தான் வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறோம் என்று. பெயர் வேறு, பில் வேறு, உள்ளே எல்லாம் ஒன்றா?

நமக்கு இது புதிதுகூட இல்லை. மலையில் சின்னத் தோட்டக்காரர்களுக்குக் காயைத் தீமூட்டி உலர்த்தும் கூடம், ஸ்டோர் என்பார்கள், சொந்தமாக இருக்காது. அடுத்தவர் ஸ்டோரில் கூலி கொடுத்து உலர்த்துவார்கள். அந்த வருசம்தான், ஒருவர் காய் கெட்டாலும் இன்னொருவர் காய் கைகொடுக்கும் என்று இரண்டு தோட்டத்தில் வாங்கினோம். இரண்டிலும் புகை வாடை. விசாரித்தால் ஒரே ஸ்டோர்.

கடையில் காய் புடைத்துக்கொண்டிருந்த உங்கள் அம்மா முறத்தைக் கீழே வைத்தாள்.

"காய்னா எந்த ஸ்டோர்ல காஞ்சதுன்னு மோந்து மோந்து பாப்பீங்க. இதுல மட்டும் மச்சானும் மாப்ளையும் பேரைப் பாத்து வாங்கிட்டு வந்துட்டீங்களாக்கும்."

கோயம்புத்தூருக்குப் போன் போட்டேன்.

"காலைல இருந்து பாத்தமுங்க, கடையவே காணோம். ஏமாத்துற கும்பலோன்னு வேற எடத்துல சொல்லிட்டமுங்க" என்றார் அவர், மரியாதையாகவே.

ஏமாற்றுகிற கும்பல். நானா? மத்தியானம் தளம் ஒன்றுமே நடக்காததுபோல் திறந்துகொண்டது. மூட்டைகளை உள்ளூர் வியாபாரியிடமே கேட்ட விலைக்குத் தள்ளினோம்.

பிறகு வேறொரு கம்பெனி பிடித்தோம். உங்கள் மாமா எடுத்த எடுப்பில் கேட்டது, "யார் கம்ப்யூட்டர்ல ஓட்டுறீங்க?" என்றுதான். அதையும் வாய்ச்சொல்லாக நம்பாமல், சோலி இல்லாத ஒரு நாள், முதல் கம்பெனியை நாங்களே நிறுத்திப் பார்த்தோம்.

பக்கம் திறந்தது. முதலில் வந்து நின்றது கோயம்புத்தூர்க்காரருக்காக எடுத்த பெரிய ரகத்தின் படம். அதை நீக்க மறந்திருக்கிறான் உங்கள் மாமா.